மாதுங்கா ஃப்ளாட்டில் சிக்னல் முழுதாக இருந்தும் மாலையில் வைஃபை ஏன் படுத்துவிடுகிறது?

பெரும்பாலும் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள்தான் காரணம். மும்பைக் கட்டடங்களில் சுவருக்குச் சுவர் ஒன்று இருக்கும். வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை சேனல்கள் என்று எண் போட்ட பாதைகளாகப் பிரித்திருக்கிறார்கள்; அவற்றுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஒரு வைஃபை இணைப்போ சுமார் 20 மெகாஹெர்ட்ஸை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் ஒன்றின் மேல் ஒன்று விழாதபடி 1, 6, 11 என்ற சேனல்களில் பிரித்து வைக்கச் சொல்கிறார்கள்.

‘எல்லாரும் 1, 6-ல இருக்காங்க, நான் 3-க்குப் போறேன்’ என்று மட்டும் கிளம்பாதீர்கள். ஒரே சேனல் என்றால் ரவுட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு, முறை வைத்துப் பேசும். 3-ல் இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் நீங்கள் வெறும் இரைச்சல்.

ரவுட்டர் செட்டிங்ஸில் 2.4-க்கான சேனல் அகலம் 40 மெகாஹெர்ட்ஸ் என்றிருந்தால் 20 ஆக்குங்கள். அப்புறம், டிவி, லேப்டாப்பை வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அது சுவர் தாண்டத் திணறும். பக்கத்து வீட்டு சிக்னலும் அப்படித்தான் திணறும் என்பதால், இந்த நெருக்கத்தில் அதுதான் நமக்கு வசதி.