அது இடிக்கல் இல்லை, அம்மா!

வாசகர் கேள்விகள். பதில் அளிப்பவர்: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தருமபுரி

கடலைக்கொல்லையில் ஏர் ஓட்டும்போது கறுப்பாக, வழவழப்பாக ஒரு கல் கிடைத்தது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. ஒரு பக்கம் கூம்பி, மறுபக்கம் அகன்று விளிம்பு கூராக இருக்கிறது. இடி இடித்தபோது வானத்திலிருந்து விழுந்த கல் என்று சொல்லி என் மாமியார் அதை மாட்டுக்கொட்டகை மூலையில் மஞ்சள் பூசி வைத்துவிட்டார். பள்ளியில் படிக்கும் மகன் கற்கால ஆயுதம் என்கிறான். யார் சொல்வது சரி ஐயா?
– ஊத்தங்கரைப் பக்கத்து வாசகி

மகன் சொல்வதுதான் சரி, அம்மா. அதற்காக மாமியாரிடம் வாதாடப் போகாதீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களிலும் மரத்தடிப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இப்படிப்பட்ட கற்கள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கும்பிட்டவர்கள் இல்லாவிட்டால் அவற்றில் பாதி வரப்புக்கு அணைகல்லாகப் போயிருக்கும்.

உங்களிடம் இருப்பது புதிய கற்காலக் கோடரி. மஞ்சளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு (நார் போட்டுத் தேய்க்க வேண்டாம்) காலை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கூரான பக்கம் மழமழவென்று மின்னும். கூம்பிய பக்கம் விரலை ஓட்டினால் புள்ளி புள்ளியாகச் சொரசொரக்கும், புதிதாகக் கொத்திய அம்மியைத் தடவியது போல. செய்த விதம் அந்த இரண்டு பரப்பிலும் தெரிகிறது. முதலில் வேறொரு கல்லால் தட்டிச் செதில் செதிலாகப் பெயர்த்து உருவம் கொண்டுவருவார்கள். அடுத்து மேடுகளைக் கொத்திக் கொத்திச் சமன் செய்வார்கள். கடைசியில் பாறைமேல் மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்ப்பார்கள். அப்படித் தேய்த்துத் தேய்த்துப் பாறையில் விழுந்த நீள்பள்ளங்களைச் சில இடங்களில் இன்றும் காணலாம். கூம்பிய பகுதியைத் தேய்க்காமல் விட்டால் மரக்காம்பில் வழுக்காமல் உட்காரும். ‘விட்டான்’ என்று எழுத வந்த பேனாவை நிறுத்திக்கொண்டேன். செய்தது ஆணா பெண்ணா என்று கல்லில் எழுதியிருக்கவில்லை.

கல்லின் நிறத்தைச் சொன்னீர்கள். பெரும்பாலும் அது டோலரைட்டாக இருக்கும். நம் குவாரிக்காரர்கள் ‘கறுப்பு கிரானைட்’ என்று விற்கிறார்களே, அதேதான். மணி நுணுக்கமானது, எளிதில் பிளக்காது, தேய்த்தால் விளிம்பு நிற்கும். கிருஷ்ணகிரியில் நல்ல கல் எது என்று தெரிந்தவர்கள் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறார்கள்.

அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்றும் உங்கள் மகன் கேட்பான். பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் 1960களில் அகழாய்வு நடந்தது. தரையில் குழி தோண்டி, சுற்றிலும் கம்பு நட்டு, மேலே கூரை போட்டு வாழ்ந்த வீடுகளின் தடம் கிடைத்தது. கம்பு நட்ட துளைகள்கூட அப்படியே இருந்தன. கருகிய தானியங்களில் கொள்ளும் பச்சைப்பயறும் இருந்தன. கோடரி மரம் வெட்டியது, வெட்டிய இடத்தில் கொள்ளு விளைந்தது, மாலையில் அது அடுப்பில் வெந்தது. எங்கள் வீட்டில் நேற்று இரவும் கொள்ளு ரசம்தான். உங்கள் தாலுகாவிலேயே சென்னானூரில் 2024இல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. மகனை ஒருமுறை அந்த ஊருக்கு அழைத்துப் போங்கள்.

ஒரே ஒரு வேலை செய்யுங்கள். கொல்லையில் எந்த மூலையில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று இன்றே ஒரு தாளில் எழுதிக் கல்லோடு வையுங்கள். ஏன் என்பதைக் கீழே அரூர்க்காரருக்குச் சொல்லியிருக்கிறேன்.

கற்கால மனிதர்கள் டைனோசர்களை வேட்டையாடினார்களா?
– தருமபுரி மாணவர்

இல்லை தம்பி. டைனோசர்கள் மறைந்தது சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. இதுவரை கிடைத்த மிகப் பழைய கல் கருவிகள், கென்யாவில் கிடைத்தவை, ஏறத்தாழ 33 லட்சம் ஆண்டுப் பழமை உடையவை. சினிமாக்காரர்கள் ஆறு கோடி ஆண்டை இடைவேளைக்குள் தாண்டிவிடுவார்கள்.

மல்லசந்திரம் மலைமேல் பலகைக் கற்களால் ஆன சிறு வீடுகளைப் பார்த்தோம். வனவாசத்தில் பாண்டவர்கள் தங்கிய வீடு என்றார்கள். அந்தத் துளை வழியாக எப்படி நுழைந்திருப்பார்கள்?
– ஓசூரில் பணிபுரியும் பொறியாளர்

யாரும் நுழையவில்லை. பீமன் அந்தத் துளையில் தோளை நுழைக்கும் காட்சியை நினைத்துச் சிரித்துவிட்டேன். ஊருக்கு ஊர் பாண்டவர் வீடு, மோரியர் வீடு, குள்ளர் வீடு என்று பெயர் மாறும். தொல்லியலில் கல்திட்டை. நான்கு புறமும் பலகைக்கல் நிறுத்தி மேலே மூடுகல் வைத்த ஈமச்சின்னம். துளைக்கு இடுதுளை என்று பெயர். கற்கோடரிக் காலம் கடந்து இரும்புக் காலத்தில் எழுந்தவை இவை. உயிரோடு இருந்தவர்கள் மண் சுவரிலும் கூரையிலும் வாழ்ந்துவிட்டு, இறந்தவருக்கு மட்டும் கல்லில் வீடு கட்டினார்கள். மல்லசந்திரத்துக்கு இன்னொரு சிறப்பு உண்டு. சில கல்திட்டைகளின் உட்பக்கத்தில் வெள்ளை நிறத்தில் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். அடுத்த முறை வெளியில் நின்று செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பாமல், குனிந்து உள்ளே பாருங்கள்.

பாறை ஓவியம் பார்க்கப் போனோம். மங்கலாக இருந்தது. தண்ணீர் தெளித்தால் பளிச்சென்று தெரியும் என்று ஆடு மேய்க்கும் பெரியவர் சொன்னார். செய்யலாமா?
– பர்கூர் வாசகர்

செய்யாதீர்கள். பெரியவர் சொன்னது உண்மை, தெரியத்தான் செய்யும். நானே செய்திருக்கிறேன், அதுவும் மாணவர்கள் முப்பது பேர் முன்னால். பாட்டில் தண்ணீரைப் பாறையில் வீசினேன். வெள்ளைக் கோட்டில் ஒரு மனிதன் கையைத் தூக்கியபடி எழுந்து வந்தான். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஈரம் காயும்போது பாறைக்குள் இருக்கும் உப்பு மேலே வந்து படலமாகப் படியும், நிறமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் என்று தெரிந்துகொள்ளப் பல ஆண்டு ஆனது. அந்த முப்பது பேரில் எத்தனை பேர் பிறகு தங்கள் பிள்ளைகளை அழைத்துப்போய்த் தண்ணீர் வீசினார்களோ! கைப்பேசியில் படம் எடுத்து, திரையில் நிறத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். பாறைக்கு ஒன்றும் ஆகாது.

உங்கள் பக்கத்து மல்லப்பாடி ஓவியம் தமிழ்நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டவற்றுள் ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கே.வி. ராமன் வெளியுலகுக்குச் சொன்னார். குதிரைமேல் இருவர் ஆயுதத்தோடு மோதுகிறார்கள். அந்தக் குதிரையைப் பார்த்ததுமே, வேட்டையாடித் திரிந்த ஆதி மனிதன் வரைந்தது என்ற பேச்சை விட்டுவிடலாம். குதிரையேறிப் போரிடும் பழக்கம் வந்த பிறகு தீட்டியது அது. பாறையில் இருப்பதெல்லாம் லட்சம் ஆண்டுப் பழமை இல்லை. நமக்கு அதில் ஏனோ ஓர் ஆசை.

கல்லுக்கு வயது எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கார்பன் சோதனையா?
– அரூர் வாசகர்

கல்லை மட்டும் கையில் கொண்டு வந்து கொடுத்தால் யாராலும் திட்டமாகச் சொல்ல முடியாது. கார்பன் முறை ஒருகாலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்குத்தான்: கரி, எலும்பு, தானியம். அதனால் கல் கிடந்த மண்ணடுக்கில் வேறு என்ன கிடந்தது என்று தேடுகிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த அடுக்கின் மாதிரியைச் சோதித்துத்தான் கி.மு. 2172 என்ற காலத்தை 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். கரியே கிடைக்காத அடுக்கில், மணல் கடைசியாக வெயில் கண்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அளக்கும் முறை உண்டு. திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகளுக்கு (காம்பு போடாமல் கையில் பிடித்த பழைய கற்காலக் கருவிகள்) சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் சொன்னது, விண்வெளிக் கதிர்களால் கல்லில் உண்டாகும் அணுக்களை அளந்து. 1863இல் பல்லாவரத்தில் இந்தியாவின் முதல் கைக்கோடரியை எடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டுக்கு இந்த வசதி ஒன்றும் இல்லை.

ஊத்தங்கரை அம்மாவிடம் இடத்தை எழுதச் சொன்னதன் காரணம் புரிந்திருக்கும். இடம் தெரிந்தால் அந்தக் கொல்லைக்கு அடியில் ஓர் ஊர் இருந்ததா என்று தேடலாம். இடம் தெரியாவிட்டால் அது கறுப்பாக ஒரு கல்.

அப்படி ஒரு கல்லுக்கு ஐயாயிரம் ரூபாய் தருகிறேன் என்று ஒருவர் கேட்கிறார். கொடுக்கலாமா?
– பாலக்கோடு வாசகர்

கொடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, உரிமம் இல்லாமல் பழம்பொருள் வியாபாரம் செய்யக் கூடாது. தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகவும் கூடாது. கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. தாசில்தார் அலுவலகத்திலும் எழுதிக் கொடுக்கலாம். கல்லைக் கொண்டுபோகும்போது பையில் மற்ற கற்களோடு போட்டுக் குலுக்காதீர்கள். விளிம்பு சில்லு பெயர்ந்தால், அன்று பெயர்ந்ததா நேற்று பஸ்ஸில் பெயர்ந்ததா என்று எங்களுக்குக் குழப்பம். பழைய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள்.