மாதவரம் கிடங்கு வாசலில் வைத்திருந்த வெண்டிங் மெஷினை இரவோடு இரவாகத் தூக்கிச் சென்றுவிட்டார்கள். என்ன செய்வது?

முதலில் அந்த இடத்தைக் கழுவிப் பெருக்காதீர்கள். தரையில் இழுத்த கீறல், அறுபட்ட மின்வயர், பிடுங்கிய போல்ட், எல்லாவற்றையும் படம் எடுங்கள். பக்கத்துக் கடை கேமராப் பதிவு சில நாட்களில் அழிந்துவிடும், இன்றே கேளுங்கள்.

காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாமல், பாரதிய நியாய சன்ஹிதாவின் திருட்டுக்கான 303(2) பிரிவில் முதல் தகவல் அறிக்கை கேளுங்கள். இயந்திரத்தின் வரிசை எண், வாங்கிய பில் இரண்டும் புகாரில் இருக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் இயந்திரம் கிடைத்தால் உங்களுடையது என்று நிரூபிக்க அந்த எண் உதவும்.

காப்பீட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'பர்க்ளரி' (உடைத்துப் புகுந்து திருடுவது) பாலிசி என்றால் பூட்டையோ கதவையோ உடைத்த அடையாளம் தேவை. 2004இல் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லிவிட்டது. திறந்த வாசலிலிருந்து தூக்கிப்போனால் பணம் வராமல் போகலாம். பிடுங்கிய போல்ட்டின் படம் இங்கே கைகொடுக்கக்கூடும். சாதாரணத் திருட்டையும் சேர்த்த பாலிசியா என்று பாருங்கள்.

அடுத்த இயந்திரத்தை ஷட்டருக்கு உள்ளே, சுவரோடு போல்ட் போட்டு வையுங்கள். இடத்துக்காரரோடு போடும் ஒப்பந்தத்தில் திருட்டு நஷ்டம் யாருடையது என்று ஒரு வரி எழுதுங்கள். வாய்ப்பேச்சை வழக்கில் நிரூபிப்பது கடினம்.