தம்பி எழுதிய ஜாய்ஸ்

வணக்கம் சார்,

ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸஸ்' நாவலை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும், ஸ்டீஃபன் கடற்கரையில் தனியாக நடக்கும் மூன்றாம் அத்தியாயத்திலேயே நின்றுவிட்டேன். "முதலில் ரிச்சர்ட் எல்மன் எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் படி, எல்லாம் விளங்கும்" என்கிறார் ஒரு நண்பர். அது எண்ணூறு பக்கத்துக்கு மேல் இருக்கிறது. ஒரு நாவலைப் படிக்க இவ்வளவு பெரிய இன்னொரு புத்தகம் தேவையா? ஜாய்ஸைப் பற்றி எதை, எந்த வரிசையில் படிக்கலாம்?

எம்.

அன்புள்ள எம்.,

எல்மனை இப்போது தொடவேண்டாம். அது மோசமான புத்தகம் என்று சொல்ல வரவில்லை. 1959இல் வெளிவந்து 1982இல் திருத்திய பதிப்பும் கண்ட அந்த நூலுக்கு இணையாக, ஓர் எழுத்தாளரின் வாழ்க்கையைச் சொன்ன புத்தகங்கள் மிகக் குறைவு. ஆனால் அதை முதலில் படித்தவன் நான். அப்புறம் 'யுலிஸஸை'த் திறந்தால், ஸ்டீஃபனின் நண்பன் பக் மல்லிகன் கோபுரத்து உச்சியில் தோன்றியதுமே 'ஓ, இது ஜாய்ஸின் நண்பர் ஆலிவர் கோகர்ட்டி' என்று மனம் ஓடிவிட்டது. மல்லிகனின் பேச்சு காதில் விழவேயில்லை. பெயருக்குப் பெயர் பொருத்திக்கொண்டே நூறு பக்கம் போனேன், நாவலுக்குள் போகவில்லை.

எல்மனிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. சான்று கிடைக்காத இடங்களில் ஜாய்ஸின் புனைவையே சான்றாக எடுத்துக்கொள்வார். கதையிலிருந்து வாழ்க்கையை எழுதி, அந்த வாழ்க்கையை வைத்துக் கதையை விளக்கினால், வட்டம் சுற்றி வந்த இடத்திலேயே நிற்போம். 1982 பதிப்பு வந்தபோது விமர்சகர் ஹ்யூ கென்னர் இதை மிகக் கடுமையாகச் சுட்டிக்காட்டினார். அவர் சொன்னதில் பெரும்பகுதி சரி என்றுதான் நினைக்கிறேன்.

நான் உங்கள் கையில் கொடுக்க விரும்புவது வேறொரு புத்தகம். ஜாய்ஸின் தம்பி ஸ்டானிஸ்லாஸ் எழுதிய 'மை பிரதர்ஸ் கீப்பர்'. ஸ்டானிஸ்லாஸ் இறந்தபின், 1958இல், எல்மன் பதிப்பித்து, டி. எஸ். எலியட் முன்னுரையோடு வந்தது. 'என் சகோதரனுக்கு நான் காவலாளியோ' என்று பைபிளில் காயீன் கேட்பானே, அதிலிருந்து வந்த தலைப்பு.

நீங்கள் ஏற்கெனவே படித்த இடத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் அத்தியாயத்தில் மல்லிகன் ஸ்டீஃபனைக் குத்திக்காட்டுகிறான்: சாகக் கிடந்த அம்மா கேட்டும் மண்டியிட மறுத்துவிட்டாயே என்று. அந்தக் குற்றவுணர்வு நாவல் முழுக்க ஸ்டீஃபனைத் துரத்துகிறது. ஆனால் நடந்தது என்ன? 1903 ஆகஸ்டில் ஜாய்ஸின் தாய் மேரி ஜேன் இறந்தபோது அவருக்கு 44 வயது. கடைசி நேரத்தில் அவருக்கு நினைவில்லை. குடும்பமே கட்டிலைச் சுற்றி மண்டியிட்டு ஜெபிக்கிறது. இரண்டு பையன்கள் மட்டும் நிற்கிறார்கள். மண்டியிடச் சொல்லி அதட்டியவர் தாய்மாமன் ஜான் மர்ரே. அண்ணனும் கேட்கவில்லை, தம்பியும் கேட்கவில்லை.

ஜாய்ஸ் என்ன செய்திருக்கிறார் பாருங்கள். மாமாவின் அதட்டலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அம்மாவின் வேண்டுகோளை வைத்திருக்கிறார். மாமாவை மீறுவது வீட்டுச் சண்டை. அம்மா கேட்டு மறுப்பது ஆயுள் முழுக்கச் சுமக்கவேண்டிய பாரம். கூடவே இன்னொன்றும் செய்தார்: பக்கத்தில் நின்ற தம்பியை அங்கிருந்து அகற்றிவிட்டார். இருவர் நின்ற அறையில் இப்போது ஒருவன்தான் நிற்கிறான். அவனுடைய தனிமை அப்படித்தான் உண்டாகிறது. எந்த உரைநூலும் நாவலாசிரியரின் கை வேலை செய்வதை இவ்வளவு கிட்டத்தில் எனக்குக் காட்டியதில்லை.

தம்பியை அகற்றுவது ஜாய்ஸுக்குப் பழகிய காரியம். 'ஸ்டீஃபன் ஹீரோ' என்ற ஆரம்பகாலப் பிரதியில் மாரிஸ் என்ற தம்பி ஸ்டீஃபனோடு வாதம் செய்துகொண்டு வருவான். அதையே திருத்தி 'எ போர்ட்ரெய்ட்' நாவலாக்கியபோது மாரிஸ் ஏறக்குறைய காணாமல் போனான். 'யுலிஸஸில்' தம்பிக்கு மிஞ்சியது ஒற்றைச் சொல்: சாணைக்கல். நூலக அத்தியாயத்தில் ஸ்டீஃபன் மனதுக்குள் நினைத்துக்கொள்வது. இளம் வயது நாட்குறிப்பில் ஸ்டானிஸ்லாஸும் தன்னைப் பற்றி இதே மாதிரிதான் எழுதியிருக்கிறார்: கசாப்புக்காரர் கத்தி தீட்டும் இரும்பைப்போல அண்ணன் என்னைப் பயன்படுத்திக்கொள்கிறான் என்று. அந்த நாட்குறிப்பையும் ஜாய்ஸ் விட்டுவைக்கவில்லை. 'டப்ளினர்ஸ்' தொகுப்பில் 'எ பெயின்ஃபுல் கேஸ்' கதையின் கரு அதிலிருந்து வந்தது. அதன் நாயகன் டஃபி சொல்லும் வாசகங்களில் இரண்டு தம்பியுடையவை.

1905இல், இருபது வயதில், அண்ணன் அழைத்ததால், அன்று ஆஸ்திரியாவின் கையில் இருந்த துறைமுக நகரமான ட்ரியெஸ்டுக்குப் போனார் ஸ்டானிஸ்லாஸ். இருவரும் ஆங்கிலம் கற்பித்தார்கள். தம்பியின் சம்பளம் அண்ணன் குடும்பத்துக்கு வாடகையாகவும் ரொட்டியாகவும் கடைக்கடனாகவும் போனது. புத்தகத்தில் கசப்பு இருக்கிறது, இல்லாமல் இருக்குமா? ஆனால் அண்ணனின் மேதைமையை அந்த வீட்டில் முதலில் கண்டுகொண்டவரும் அவர்தான், கடைசிவரை அதைச் சந்தேகிக்கவும் இல்லை. நூல் அம்மாவின் மரணத்தை ஒட்டி முடிந்துவிடுகிறது. அதை முடிக்காமலே போய்விட்டார் என்பதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

அடுத்து ஃப்ராங்க் பட்ஜன். மாலுமியாக இருந்து ஓவியரானவர், முதல் உலகப்போர் காலத்தில் சூரிச்சில் ஜாய்ஸின் நண்பர். 1934இல் வந்த அவருடைய நூலில் ஓர் இடம். இன்று நாள் முழுக்க உழைத்தேன் என்கிறார் ஜாய்ஸ். நிறைய எழுதினீர்களா என்று பட்ஜன் கேட்க, இரண்டு வாக்கியம் என்று பதில் வருகிறது. சரியான சொல்லைத் தேடினீர்களோ? இல்லை, சொற்கள் கையில் இருக்கின்றன, வாக்கியத்தில் அவற்றின் வரிசையைத்தான் தேடுகிறேன். கடை ஜன்னலில் தொங்கும் பட்டுப் பாவாடைகளைப் பார்த்து நாவலின் நாயகன் புளூமின் மனம் கிறங்கும் இடத்துக்காக அந்த உழைப்பு. எட்டாம் அத்தியாயத்தில் அந்த இரண்டு வாக்கியங்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நனவோடை என்றதும் மனதில் வந்ததையெல்லாம் கொட்டிவிடுவது என்று நம்மிடம் ஓர் எண்ணம் இருக்கிறது. அது அந்த நிமிடமே போய்விடும்.

ஜாய்ஸின் மனைவி நோரா பற்றி பிரெண்டா மேடக்ஸ் 1988இல் எழுதிய நூலையும் தவறவிடாதீர்கள். கால்வேயிலிருந்து வந்து டப்ளினில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்த பெண், 1904 ஜூன் 16 மாலை ஜாய்ஸோடு நடக்கப் போனார். அந்தத் தேதிதான் நாவலின் ஒற்றை நாள். மகள் லூசியா பற்றி கரோல் ஷ்லாஸ் எழுதியது (2003) மனதைக் கனக்கவைக்கும். ஆனால் லூசியாவின் கடிதங்களை அழித்துவிட்டதாக ஜாய்ஸின் பேரனே அறிவித்திருந்தார். அந்தக் காலி இடங்களை ஷ்லாஸ் ஊகத்தால் நிரப்புகிறார், அதை நினைவில் வைத்துப் படியுங்கள். ஸ்டூவர்ட் கில்பர்ட், டான் கிஃபர்ட் போன்ற உரைகாரர்கள் பக்கத்தில் இருக்கட்டும், தேவைப்படும்போது புரட்டினால் போதும்.

வரிசை கேட்டீர்கள். முதலில் 'டப்ளினர்ஸ்', பதினைந்து கதைகள்தான். பிறகு ஸ்டானிஸ்லாஸ். அதன்பின் 'யுலிஸஸை' நான்காம் அத்தியாயத்தில் தொடங்குங்கள், காலை எட்டு மணி, புளூம் பூனையோடு பேசிக்கொண்டிருப்பார். கடற்கரைக்குப் பிறகு திரும்பிப் போகலாம். பட்ஜனைக் கூடவே படியுங்கள். எல்லாம் முடிந்தபின் எல்மன். அப்போது அது விருந்து.

இரண்டு அஞ்சலட்டைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 1915இல் ஸ்டானிஸ்லாஸை ஆஸ்திரிய அரசு முகாமில் அடைத்து வைத்திருந்தது. அந்த வருடம் ஜூன் 16 தேதியிட்டு ட்ரியெஸ்டிலிருந்து அண்ணன் ஜெர்மன் மொழியில் ஓர் அட்டை அனுப்பினார்: 'யுலிஸஸ்' என்ற புதிய நாவலின் முதல் அத்தியாயத்தை எழுதிவிட்டேன். மண்டியிட மறுத்த கதை வரும் அதே அத்தியாயம். இன்னொரு அட்டை 1941 ஜனவரி 4, சூரிச்சிலிருந்து, இத்தாலியில் இருந்த தம்பிக்கு இத்தாலிய மொழியில். உதவக்கூடும் என்று சிலருடைய பெயர்களையும் முகவரிகளையும் எழுதியிருந்தார். ஒன்பது நாளில் ஜாய்ஸ் இறந்துபோனார்.