பழைய படங்களில் வரும் தொப்பிகளில் அப்படி என்ன ஈர்ப்பு இருக்கிறது? இன்று நம் ஊரில் அணிந்தால் பொருந்துமா?

பொருந்தும். எந்தத் தொப்பி, எந்த வெயிலுக்கு என்று கொஞ்சம் யோசித்து எடுத்தால் நன்றாகவே பொருந்தும். அதைக் கடைசியில் சொல்கிறேன். கேள்வியின் முதல் பாதியைத்தான் விரிவாகப் பேச ஆசை.

எனக்கு வீடு வேலூர் சத்துவாச்சாரி. வேலை ராணிப்பேட்டையில், தோல் பொருட்கள் செய்யும் ஒரு கம்பெனியில், கட்டிங் பிரிவில். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் மேல் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். தோல் வேலையில் இருப்பவர்களுக்கு எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் கண் முதலில் அதன் விளிம்புக்குத்தான் போகும். தொப்பியை நான் ரசிக்க ஆரம்பித்ததும் அங்கேதான். தொப்பியின் உயிர் அதன் விளிம்பில் இருக்கிறது.

1940களின் ஹாலிவுட் துப்பறியும் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் குறைவு, நிழல் அதிகம். விளக்கை மேலே ஒரு பக்கமாக வைத்தால், ஃபெடோரா தொப்பியின் (உச்சியில் நீளக் குழிவும் சுற்றிலும் விளிம்பும் உள்ள மெத்தென்ற தொப்பி) விளிம்பு நெற்றியையும் கண்ணையும் இருட்டுக்குள் தள்ளிவிடும். மூக்கு, வாய், தாடை மட்டும் வெளிச்சத்தில் நிற்கும். அந்த ஆள் நல்லவனா கெட்டவனா, மனசில் என்ன ஓடுகிறது, நமக்குத் தெரியாது. தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினால் போதும், கண் வெளியே வந்துவிடும். அதற்கு வசனமே வேண்டாம்.

'காசாபிளாங்கா' (1942) படத்தின் விமான நிலையக் காட்சியில் ஹம்ப்ரி போகார்ட், இங்க்ரிட் பெர்க்மன் இருவர் தலையிலும் தொப்பி இருக்கும். சுற்றிலும் மூடுபனி. பெர்க்மன் அண்ணாந்து பார்க்கும்போது அந்த அகன்ற விளிம்புக்குக் கீழே கண்ணீர் மினுங்கும். பிரியப்போகிற இரண்டு பேரின் முகத்தை விளிம்பு சுற்றி அணைத்து, மற்ற எல்லாவற்றையும் நம் பார்வையிலிருந்து தள்ளி வைக்கிறது. அந்தத் தொப்பிகள் இல்லாமல் அந்தக் காட்சியை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் கை. நடிப்பவர்களுக்குப் பெரிய தொல்லையே கையை எங்கே வைப்பது என்பதுதான். தொப்பி இருந்தால் கைக்கு வேலை கிடைத்துவிடும். பெரியவரைக் கண்டால் கழற்றலாம், தெரிந்தவரைக் கண்டால் விளிம்பைத் தொடலாம், துக்கத்தில் நெஞ்சோடு பிடிக்கலாம், கோபத்தில் மேசை மேல் எறியலாம். சார்லி சாப்ளின் 1914-இல் தன் நாடோடி வேஷத்துக்கு பௌலர் தொப்பியைத் தேர்ந்தெடுத்தார். கால்சட்டை தொளதொள, கோட்டு இறுக்கம், பூட்ஸ் பெரிசு, தொப்பி சின்னது. பௌலர் முதலில் 1849-இல் லண்டனில் காட்டுக் காவலர்களுக்காகச் செய்த கெட்டித் தொப்பி. குதிரையில் போகும்போது தாழ்ந்த கிளைகள் தலையில் அடிக்காமல் இருக்க. பிற்பாடு அது ஆபீஸ் போகும் கனவான்களின் அடையாளம் ஆகிவிட்டது. ஒன்றும் இல்லாத ஏழை அதைத் தலையில் வைத்துக்கொண்டு, உதைக்க வரும் போலீஸ்காரரைப் பார்த்துக்கூட மரியாதையாகத் தூக்கிக் காட்டும்போது, சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். இத்தனை வருடத்துக்கு அப்புறமும் எனக்கு அடைக்கிறது.

பெண்களை விட்டுவிடக் கூடாது. ஃபெடோராவே ஒரு பெண்ணின் மேடை வேஷத்திலிருந்துதான் புகழ் பெற்றது: 1882-இல் பாரிஸில் பிரெஞ்சு நடிகை சாரா பெர்ன்ஹார்ட் நடித்த ஒரு நாடகம். 'மொராக்கோ' (1930) படத்தில் மார்லீன் டீட்ரிச் ஆண்களின் கோட்டும் உயரமான பட்டுத் தொப்பியும் போட்டுப் பாட வருவார். அன்றைய ஆண்கள் உலகத்துக்கு அவர் விட்ட சவால் அந்தத் தொப்பியின் சாய்வில் இருக்கும்.

நம் பக்கம் வந்தால் எம்.ஜி.ஆரைத் தாண்டி எங்கே போவது? 'அடிமைப் பெண்' (1969) படப்பிடிப்புக்கு ஜெய்ப்பூர் போனபோது அந்த வெயிலுக்காகக் கிடைத்ததுதான் வெள்ளைத் தொப்பி என்று சொல்வார்கள். எப்படி வந்தாலும் சரி, வந்த பிறகு அது அவர் முகத்தின் பாகமாகிவிட்டது. ஒரு சுவரில் வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மட்டும் வரைந்து வையுங்கள். கண், மூக்கு, வாய் எதுவும் வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் எந்தக் கிராமத்துப் பாட்டியும் யார் என்று சொல்லிவிடுவார். உலகத்தில் சாப்ளினைத் தவிர வேறு யாருக்கு இப்படி ஒரு வடிவம் அமைந்திருக்கிறது என்று யோசித்திருக்கிறேன்.

ஜெய்சங்கரின் கௌபாய் படங்களும் எனக்கு உயிர். ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான கர்ணன் எடுத்த 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972). அமெரிக்க மேற்கில் மாடு மேய்ப்பவர்களின் தொப்பி தமிழ்ப் படத்துக்குள் எப்படி ஒட்டியது என்று கேட்பவர்கள் எங்கள் ஊர்ப் பாறை மலைகளைப் பார்க்க வேண்டும். மே மாதத்தில் காட்பாடி ரயிலில் இருந்து வெளியே பார்த்தால் செடி கொடி இல்லாத மலையும் புழுதியும் தணல் மாதிரி வெயிலும்தான். அந்த நிலத்தில் அகன்ற தொப்பி போட்ட ஆள் நடந்து வந்தால் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

இதெல்லாம் அழகைப் பற்றி. ஆனால் வேலூர்க்காரனுக்குத் தொப்பி என்றால் இன்னொன்றும் ஞாபகம் வந்தாக வேண்டும். தலையில் வைப்பது வெறும் துணி, தோல், ஃபெல்ட் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் கோட்டைதான் பதில்.

1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக், சிப்பாய்களுக்குப் புது மாதிரித் தலைப்பாகை ஒன்றைக் கொண்டுவந்தார். பார்ப்பதற்கு ஐரோப்பியத் தொப்பி போலவே இருக்கும், முன்னால் தோலால் செய்த ஒரு வில்லை. கூடவே நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது. வெள்ளைக்காரர்களைத் தொப்பிக்காரர்கள் என்றே நம் ஆட்கள் அழைத்த காலம் அது. அதே தொப்பி நம் தலைக்கு வந்தால் அடுத்து மதம் மாற்றுவார்கள், ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள், உறவு ஒதுக்கி வைக்கும் என்று சிப்பாய்கள் பயந்தார்கள். அந்தத் தோல் பசுவினுடையதா பன்றியினுடையதா என்ற சந்தேகம் வேறு. 1806 மே மாதத்திலேயே வேலூரில் ஒரு பிரிவினர் அதைப் போட மறுத்தார்கள். மறுத்ததற்குச் சவுக்கடித் தண்டனை விதிக்கப்பட்டது. ஜூலை 10 விடியும் முன்பே கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. திப்பு சுல்தானின் மகன்கள் அப்போது அதே கோட்டையில் காவலில் இருந்ததும் அந்தக் கோபத்துக்கு ஒரு திசை கொடுத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர்கள் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு கில்லஸ்பி வந்து, நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்று அடக்கினார். தலைப்பாகை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. தளபதி கிரடாக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் லண்டனுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். வேலூர் மக்கான் பகுதியில் இருக்கும் அந்தக் கிளர்ச்சியின் நினைவுத் தூணை பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம், அந்தத் தோல் வில்லையை வெட்டிய கைகளை நினைப்பேன். தோல் வெட்டுபவன் என்பதால் இருக்கலாம்.

தலையில் இருப்பதைக் கழற்றுவதும் இப்படித்தான். பழைய ஆங்கிலப் படங்களில் ஒருவர் தொப்பியைத் தூக்கினால் எதிரே இருப்பவரும் தூக்குவார். அது இருவருக்கும் சமமான மரியாதை. இங்கே தலையிலிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டவும் அக்குளில் இடுக்கவும் வேண்டியிருந்தது ஒரு தரப்பு மட்டும்தான். ஒருவர் தோளில் துண்டு போட்டு நிமிர்ந்து நடப்பதே பல ஊர்களில் ஒரு போராட்டமாக இருந்திருக்கிறது. படத்தில் ஒரு கனவான் அலட்சியமாக விளிம்பைத் தொட்டு வணக்கம் சொல்லும்போது எனக்கு வரும் சந்தோஷத்தில் இதுவும் கலந்திருக்கிறது. பயம் இல்லாமல் கொடுக்கப்படும் மரியாதை பார்க்க அழகு.

தொப்பி ஏன் வழக்கொழிந்தது என்பதற்கு ஒரே காரணம் கிடையாது. காரின் கூரை தாழ்ந்தது, தலைமுடி அலங்காரம் மாறியது, இளைஞர்களுக்கு அப்பாவின் உடை பிடிக்காமல் போனது. அமெரிக்க அதிபர் கென்னடி வெறுந்தலையோடு பதவியேற்றதால்தான் எல்லாம் முடிந்தது என்று ஒரு கதை உண்டு. நம்பாதீர்கள், 1961 பதவியேற்பு அன்று அவர் பட்டுத் தொப்பியோடுதான் வந்தார், பேசும்போது கழற்றி வைத்திருந்தார், அவ்வளவுதான்.

ஃபெல்ட் பற்றி ஒரு வார்த்தை. அது நெய்த துணி கிடையாது. முயல் போன்ற பிராணிகளின் மென்மயிரை நீராவியிலும் அழுத்தத்திலும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள வைத்துச் செய்வது. நெசவு இல்லாததால் வெட்டிய விளிம்பில் நூல் பிரியாது. நல்ல ஃபெல்ட்டை விரலால் வருடினால் மெல்லிய ஸ்வேட் தோல் போலவே இருக்கும். ஆனால் அந்த மயிரைப் பதப்படுத்த ஒரு காலத்தில் பாதரசம் பயன்படுத்தினார்கள். தொப்பித் தொழிலாளிகளுக்குக் கை நடுங்கியது, புத்தி பேதலித்தது. அமெரிக்காவில் 1941-இல்தான் அது முடிவுக்கு வந்தது. குரோமியம் கழிவால் நிலத்தடி நீர் கெட்டுப்போன ராணிப்பேட்டையில் வேலை செய்யும் எனக்கு இது தூரத்துக் கதையாகத் தெரியவில்லை. அழகான பொருள் எதைப் பார்த்தாலும், செய்தவர்கள் நன்றாக இருந்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

சரி, போட ஆசைப்படுபவர்களுக்கு.

எங்கள் ஊரில் கோடையில் 40 டிகிரி தாண்டும். அப்போது ஃபெல்ட் வேண்டாம். ஓலை அல்லது வைக்கோல் வகைத் தொப்பிதான் சரி. பனாமா தொப்பி உண்மையில் ஈக்வடார் நாட்டில் ஒரு வகை ஓலை நாரில் கையால் பின்னுவது. அசல் பனாமா விலை அதிகம், ஆனால் நன்றாகப் பின்னிய பனை ஓலைத் தொப்பியும் காற்றோட்டத்தில் அதற்குக் குறைந்ததில்லை. அந்தக் காலத்துத் துரைகளின் சோலா தொப்பியும் இந்த வெயிலை நினைத்துச் செய்ததுதான். தஞ்சாவூரில் கோயில் உருவங்கள் செதுக்கும் அதே நெட்டியில் (ஒரு நீர்ச்செடியின் மெத்தென்ற தண்டு) செய்ததால் எடையே தெரியாது. வடிவம் எனக்குப் பிடிக்கும், ஆனால் அதைப் பார்த்தால் துரைத்தனம்தான் ஞாபகம் வருகிறது, அதனால் நான் போடுவதில்லை.

மார்கழி, தை மாதங்களில் ஃபெடோரா போடலாம். டேப்பை நெற்றியின் நடுவிலும் காதுக்கு ஒரு விரல்கடை மேலேயும் வருமாறு சுற்றி அளந்து வாங்குங்கள். இறுக்கிப் பிடித்தால் தலைவலி வரும். எடுக்கும்போது உச்சியில் கிள்ளித் தூக்காதீர்கள், அந்த மடிப்பில்தான் முதலில் கிழியும். விளிம்பைப் பிடித்து எடுங்கள். வைக்கும்போது கவிழ்த்து, உச்சி கீழே இருக்கும்படி வையுங்கள், விளிம்பு நெளியாது. வடிவம் நசுங்கினால் இட்லிப் பானையின் ஆவி போதும். மூடியைத் திறந்து, தொப்பியைக் கொஞ்ச நேரம் ஆவியில் காட்டினால் ஃபெல்ட் இளகிவிடும். முன்பக்கக் குழிவை விரலால் அழுத்திச் சரிசெய்து ஆறவிட்டால் அப்படியே நிற்கும்.

நமக்கு மட்டும் இருக்கும் பிரச்சினை தேங்காய் எண்ணெய். மலிவான தொப்பியின் உள்ளே துணிப்பட்டைதான் இருக்கும். எண்ணெயும் வேர்வையும் அதில் ஊறி வெளியே ரிப்பன் வரைக்கும் கறை ஏறிவிடும். உள்பட்டை தோலாக இருக்க வேண்டும். என் தொப்பிக்கு மாற்ற நினைத்தபோது, எங்களிடம் வேலை செய்யும் மேல்விஷாரத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன்.

"பாய், இதுக்கு உள்பட்டை போடணும். எந்தத் தோல் நல்லா இருக்கும்?"

தொப்பியைத் திருப்பி, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "செம்மறித் தோல் போடு தம்பி. மெத்துனு இருக்கும். மாட்டுத்தோல் நெத்தியை அறுக்கும். ஓரத்தை நல்லா சீவிடு, இல்லேன்னா தையல் இடத்துல தடிப்பு தெரியும்."

அவரே ஒரு துண்டை எடுத்து, கத்தியைப் படுக்க வைத்து ஓரத்தைச் சீவிக் கொடுத்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் விரல் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லிசு. அவர் தலையில் எப்போதும் வெள்ளைப் பின்னல் குல்லா இருக்கும். தலையில் ஒன்றைத் தினமும் வைத்துப் பழகியவரின் சொல் அது. அப்படியே செய்தேன், நெற்றியில் தழும்பே விழுவதில்லை.

வண்டி ஓட்டும் நாளில் தொப்பியை வீட்டிலேயே விட்டுவிட்டு ஹெல்மெட் போடுங்கள். பஸ்ஸில் போகும் நாளில் தொப்பி போடலாம், ஜன்னல் ஓரத்தில் மட்டும் உட்கார வேண்டாம்.