எல்லா மதப் பிள்ளைகளும் சேர்ந்து படித்து ஒருவரையொருவர் மதிக்கக் கற்கும் பள்ளி நடைமுறையில் சாத்தியமா?

நாகப்பட்டினத்துக்குக் குடிவரப் போகும் ஒரு தாய் இதைக் கேட்டிருக்கிறார். அப்படிப்பட்ட பள்ளி பேச்சுக்கு நன்றாக இருக்கும், உண்மையில் நடக்குமா என்பது அவருடைய சந்தேகம். நாகூர் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் பல வருடம் தமிழாசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நடக்கும். ஆனால் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டால் தானாக நடந்துவிடாது.

எங்கள் பகுதியில் கலந்து படிப்பது புதிதில்லை. கிறிஸ்தவ நிர்வாகப் பள்ளியில் இந்துப் பிள்ளைகள், முஸ்லிம் நிர்வாகப் பள்ளியில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் என்று தலைமுறை தலைமுறையாகப் படித்து வருகிறார்கள். இருந்தாலும் பத்து வருடம் கூடப் படித்தவனின் வீட்டில் என்ன விரதம், ஏன் அந்த விரதம் என்று தெரியாமலே வெளியே போகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சண்டை இருக்காது, அறிமுகமும் இருக்காது. வெளியிலிருந்து யாராவது வந்து ஒரு புரளியைக் கிளப்பினால், அதை மறுத்துப் பேச அவர்களிடம் சொந்த அனுபவம் ஒன்றும் இருக்காது. எனக்குக் கவலை அதில்தான்.

கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1954ல் இதை ஆராய்ந்து எழுதினார். வேறுபட்ட கூட்டத்தார் சந்தித்தால் மட்டும் வெறுப்பு குறையாது. சரிசமமான நிலையில் இருக்க வேண்டும், பொதுவான ஒரு வேலை இருக்க வேண்டும், அதைச் சேர்ந்து செய்ய வேண்டும், மேலே இருப்பவர்கள் அதை மனதார ஆதரிக்க வேண்டும் என்றார். கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்ட்களும் மோதிக்கொண்டிருந்த வட அயர்லாந்தில், 1981ல் பெற்றோர்களே முன்நின்று இரு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் லேகன் கல்லூரி என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். முதலில் சேர்ந்தவர்கள் 28 மாணவர்கள்தான். அதன் வழியில் அங்கே பல பள்ளிகள் வந்தன. கலவரத்துக்கு நடுவிலேயே அங்கே முடிந்திருக்கிறது என்றால், நம் ஊரில் இது எவ்வளவோ எளிது.

என் வகுப்பில் நான் வைத்திருந்தது ஒரே விதி. மதத்தைப் பற்றிப் பேசலாம், ஆனால் 'எங்க வீட்டில்' என்று தொடங்கித்தான் பேச வேண்டும். அடுத்தவர் வீட்டைப் பற்றித் தெரிய வேண்டுமா, அவரிடமே கேள். இதை நான் நீதிபோதனை வகுப்பில் வைக்கவில்லை, கட்டுரை வகுப்பில் வைத்தேன். 'எங்கள் வீட்டு விரதம்' என்பது தலைப்பு. ரமலான் நோன்பு வைத்திருந்த பையனைப் பார்த்து, "தண்ணி கூடவாடா குடிக்க மாட்டே? எச்சில்?" என்று ஒருவன் கேட்டான். "எச்சில் முழுங்கலாம், அதுல ஒண்ணும் இல்லைன்னு வாப்பா சொன்னாங்க" என்று அவன் விளக்கினான். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டு வெறுங்காலோடு வந்த பையனிடம் அதே நோன்புக்காரன் போய், "கால் சுடலையா?" என்று விசாரித்தான். ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களை எல்லாருமே சாலையில் பார்த்திருக்கிறார்கள். அப்படி நடந்த ஒரு பெண், வழியில் யார் யார் வீட்டு வாசலில் மோர் கொடுத்தார்கள் என்றே ஒரு பக்கம் எழுதியிருந்தாள். பசியையும் கால் வலியையும் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தன்னைப் போலவே இவனும் எதற்காகவோ கஷ்டப்படுகிறான் என்று தெரிந்த பிறகு கேலி குறைந்துபோனதை நான் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் சொந்த ஊர் வரலாறு. நாகூர் தர்காவின் மிக உயரமான மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். சைவரான ராஜராஜ சோழன், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாயைக் கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர். அவர் எழுதியது சர்வ சமய சமரசக் கீர்த்தனை. பெரிய பேருரையை விட, பக்கத்து ஊர்க் கல்லையும் செப்பேட்டையும் காட்டி "இதை யார் கொடுத்தது?" என்று கேட்பது பிள்ளைகள் மனதில் ஆழமாக நிற்கிறது.

பெற்றோர்களுக்கு மதம் மாற்றிவிடுவார்களோ என்ற பயம் உண்டு. அது நியாயமான கேள்விதான், யாரையும் அதற்காகக் குறை சொல்ல மாட்டேன். அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனை கூடாது. அரசு உதவிபெறும் பள்ளியில் அது நடந்தாலும், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை அதில் உட்காரவைக்க முடியாது. நான் சொல்வது போதனை அல்ல, அறிமுகம். இந்த வித்தியாசத்தைப் பெற்றோர் கூட்டத்தில் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். டெல்டாவில் பிள்ளைகளைப் பிரிப்பது மதத்தை விடச் சாதிதான் அதிகம். கையில் கட்டும் கலர் கயிறு என்ன சொல்கிறது என்று எட்டாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். நாங்குநேரியில் 2023ல் பட்டியல் சாதி மாணவன் ஒருவனைக் கூடப் படித்தவர்களே சாதி வெறியில் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024ல் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. மத நல்லிணக்க விழா நடத்திவிட்டுக் கயிற்றைக் கண்டுகொள்ளாமல் விடும் பள்ளியை நான் நம்ப மாட்டேன்.

பள்ளி தேடும்போது விழாப் படங்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் ஒழுங்காகக் கிடைக்கிறதா, அந்தப் பிள்ளை தனியாக உட்காராமல் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறதா என்று பாருங்கள். நோன்பு மாதத்தில் விளையாட்டு வகுப்பை எப்படி நடத்துகிறார்கள், கேலிப் பேச்சு பற்றிப் புகார் வந்தால் யார் விசாரிக்கிறார்கள் என்று தலைமையாசிரியரிடமே கேளுங்கள். தயங்காமல், சென்ற வருடம் நடந்ததை எடுத்துச் சொல்லிப் பதில் தருகிறவராக இருந்தால், கட்டடம் பழசாக இருந்தாலும் அங்கேயே சேர்த்துவிடுங்கள்.