நேரம் தாண்டி வந்த கோடு: கொரோனா வீட்டு கிட் கேள்வி பதில்

டெல்லியில் ஒரு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டு ஆன்டிஜென் கிட் பற்றி நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் கீழே. கிட்டில் ‘சி’ (C) என்பது கிட் சரியாக வேலை செய்கிறது என்று காட்டும் கோடு, ‘டி’ (T) என்பது வைரஸ் இருந்தால் தெரியும் கோடு.

மயூர் விஹார்: 15 நிமிடத்தில் ‘சி’ கோடு மட்டும்தான் இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ‘டி’ பக்கமும் மங்கலாக ஒரு கோடு. வீட்டில் 78 வயது அம்மா இருக்கிறார்.

அந்தக் கோட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள், அக்கா. நாம் விடும் சொட்டு, உள்ளே இருக்கும் பட்டையில் ஊறிப் போகும்போது, நிறத்துகள் ஒட்டிய ஆன்டிபாடிகளையும் (வைரஸின் புரதத்தைப் பிடித்துக்கொள்பவை) இழுத்துக்கொண்டு போகிறது. வைரஸின் புரதம் இருந்தால் அது ‘டி’ கோட்டில் பிடிபடும், நிறம் தெரியும். நேரம் தாண்டினால் பட்டை காயத் தொடங்கும். ஊறிய நீர் கொஞ்சம் பின்னால் திரும்பவும் செய்யும். அப்போது மிச்சத் துகள்கள் அங்கே படிந்து, வைரஸ் இல்லாமலே கோடு தெரியலாம். 2021 மே மாதம் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) அனுமதித்த கோவிசெல்ஃப் கிட்டில், 20 நிமிடத்துக்கு மேல் தெரிவது செல்லாது என்றே போட்டிருக்கிறார்கள்.

இதனால் உங்களுக்குத் தொற்று இல்லை என்றும் ஆகிவிடாது. அம்மாவை நினைத்து இன்றைக்கே மாஸ்க் போட்டுக்கொண்டு தனி அறைக்குப் போய்விடுங்கள். புது கிட்டில் பாருங்கள். நெகட்டிவ் என்றால் 48 மணி நேரம் கழித்து இன்னொன்று. காய்ச்சல், இருமல் இருந்தால் காத்திருக்காமல் ஆய்வகத்தில் ஆர்டி-பிசிஆர் பரிசோதனை எடுங்கள்.

கரோல் பாக்: பத்தாவது நிமிடமே மங்கலான கோடு.

நேரத்துக்குள் வந்தால் மங்கலானாலும் பாசிட்டிவ்தான்.

முனிர்கா: அப்பாவுக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் கோடு வந்தது. மறுநாள் ஆர்டி-பிசிஆரில் பாசிட்டிவ். அப்போது தாமதக் கோடும் உண்மைதானே?

அப்பாவுக்குத் தொற்று இருந்தது உண்மை. அதைக் காட்டியது அந்தக் கோடுதான் என்பதற்கு ஆதாரம் இல்லை. தொற்று இல்லாதவர் கிட்டிலும் அதே கோடு வரலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாத கோட்டை எப்படி நம்புவது?

அதே முனிர்கா: பாசிட்டிவ் என்றே எடுத்துக்கொண்டால் என்ன நஷ்டம்? ஒதுங்கி இருப்பது நல்லதுதானே?

ஒதுங்கி இருங்கள், நான் தடுக்கவில்லை. ‘இது கொரோனாதான்’ என்று முடிவு கட்டுவதுதான் ஆபத்து. மழைக்காலம் முடியும் நேரத்தில் டெல்லியில் டெங்கு பரவும். காய்ச்சலுக்குக் காரணம் தெரிந்துவிட்டது என்று நினைத்து ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்தக் கோடு அங்கேதான் கெடுதல் செய்கிறது.

ஆர்.கே. புரம்: குப்பையில் போட்ட கிட்டை மறுநாள் பார்த்தேன், இரண்டு கோடு...

மயூர் விஹார் பதிலைப் படியுங்கள். சொட்டு விட்டதும் போனில் அலாரம் வையுங்கள். பார்த்த உடனே ஒரு போட்டோ எடுத்துவிட்டு கிட்டைத் தூக்கிப் போடுங்கள்.

துவாரகா: ‘டி’ மட்டும் வந்தது, ‘சி’ வரவில்லை.

செல்லாது. புது கிட்.

ரோகிணி: மே மாதம் முழுக்க பால்கனி அலமாரியில் இருந்த கிட், காலாவதி ஆகவில்லை. பயன்படுத்தலாமா?

வேண்டாம். பெரும்பாலான கிட்களை 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும். நம் ஊர் மே மாத வெயில் 40-ஐத் தாண்டும்.

சரோஜினி நகர்: குழந்தைக்கு என்ன மருந்து கொடுக்கலாம்?

குழந்தை மருத்துவரைக் கேளுங்கள். இதில் நான் வாய் திறக்கக் கூடாது.

ஜனக்புரி: காலையில் எழுந்து பார்த்தால் மெல்லிய கோடு...

அலாரம், தம்பி. புது கிட், அலாரம்.