சிறிய சட்டத்தரணி அலுவலகத்துக்குக் கூகுள் கலண்டர் போதுமா?

திருகோணமலை, மூதூர், கந்தளாய் நீதிமன்றங்களில் தோற்றும் சிறிய அலுவலகத்துக்கு, தவணைகளைக் குறிக்க அது தாராளமாகப் போதும். ஒரே காலையில் மூதூரிலும் கந்தளாயிலும் வழக்கு விழுந்தால் உடனே கண்ணில் படும். ஆனால் காலக்கெடுவைக் கணிக்கும் வேலையை எந்த மென்பொருளிடமும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்கக் கூடாது என்பதே என் கருத்து.

குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 754ஆம் பிரிவின்படி, மேன்முறையீட்டு அறிவித்தலுக்குரிய 14 நாட்களைக் கணிக்கும்போது தீர்ப்பு நாள், அறிவித்தலைச் சமர்ப்பிக்கும் நாள், ஞாயிற்றுக்கிழமைகள், போயா உள்ளிட்ட பொது விடுமுறைகள் ஆகியவை விலக்கப்படும். சாதாரணச் சனிக்கிழமை விலக்கப்படாது. சனி, ஞாயிறு இரண்டையும் விட்டு ‘வேலை நாள்’ எண்ணும் மென்பொருள் இங்கே பிந்திய திகதியையே காட்டும். அறிவித்தலுக்குப் பின் சமர்ப்பிக்கும் மேன்முறையீட்டு மனுவுக்குரிய 60 நாட்களுக்கோ இவ்விலக்குகள் இல்லை.

ஆகவே இறுதித் திகதியைச் சட்டத்தரணியே கணித்துப் பதிந்து, சான்றுப்படுத்திய பிரதி பெறுதல், மனு வரைதல் முதலியவற்றை முன்கூட்டிய திகதிகளுடன் தனித்தனிப் பணிகளாக எழுதுவினைஞரின் பெயரில் இடுவது நல்லது.